இலைக்கு இலை நின்றவர்

அவர் பெயரை எழுதப் போவதில்லை. எழுதக் கூடாது என்பது அவருடைய உத்தரவு. "சமையல்காரனுக்கு நெஞ்சுல நோவுன்னு எழுதிப்புட்டா, அப்புறம் எவன் கல்யாணத்துக்குக் கூப்புடுவான் பாப்பா?" என்று கேட்டார். நியாயம்தான். ஊரையும் சொல்ல மாட்டேன். சொன்னால் அரியலூர்ப் பக்கம் கல்யாணச் சாப்பாடு சாப்பிட்ட பாதிப் பேர் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். எல்லாரும் அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிட்டார்கள், நானும் அப்படியே சொல்லிக்கொள்கிறேன்.

அவரை முதலில் பார்த்தது தா.பழூரில், என் சித்தப்பா மகள் கல்யாணத்தில். சமையல்காரர்கள் பொதுவாக அடுப்படியை விட்டு வெளியே வர மாட்டார்கள். இவர் வந்தார். பந்தி உட்கார்ந்து சாம்பார் ஊற்றி முடித்ததும், தோளில் துண்டோடு வரிசையின் ஒரு முனையில் தோன்றினார். கையில் வாளியோ கரண்டியோ கிடையாது. இலைக்கு இலை நின்றார். குனிந்து, "சாம்பார் எப்படி இருக்கு?" என்றார். அடுத்த இலையில், "வெக்கப்படாம சாப்புடுங்க." அதற்கடுத்த இலையில், "அம்மாவ அழைச்சிட்டு வரலியா?" ஒரு கல்யாணத்தில் ஒருவர் இவ்வளவு அன்பாக இருக்க முடியுமா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. பெண்ணைப் பெற்ற என் சித்தப்பாவே அன்று அவ்வளவு பேரை விசாரிக்கவில்லை.

என் இலைக்கும் வந்தார். "ரசம் இன்னும் கொஞ்சம் வேணுமா பாப்பா?"

"வேணும் மாஸ்டர். நல்லா இருக்கு."

"சந்தோசம்" என்று தலையாட்டிவிட்டு அடுத்த இலைக்குப் போய்விட்டார். ரசம் வரவில்லை. கையில் சோற்றைப் பிசைந்து வைத்துக்கொண்டு காத்திருந்தேன். மோர்தான் வந்தது. இந்த மாதிரி விஷயங்கள் எனக்கு மறக்காது, என் வீட்டுக்காரரைக் கேட்டால் சொல்வார்.

பிறகு பேச்சுவாக்கில் விசாரித்தபோது எல்லாரிடமும் இதே கதை இருந்தது. "அவரு கேப்பாரு, ஆனா வராது" என்றாள் என் பெரியம்மா. யாருக்கும் கோபம் இல்லை. மனுசன் வந்து நின்று கேட்டாரே, அதுவே வயிறு நிறைந்த மாதிரி என்றார்கள். அவர் பந்தியில் நடந்தால்தான் கல்யாணத்துக்குக் களை என்று அவரைத் தேடிப் பிடித்து அட்வான்ஸ் கொடுத்தவர்கள் உண்டு.

நான் பிசியோதெரபி படித்துவிட்டுப் பெரம்பலூரில் ஒரு மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்து சில வருஷம் கழித்து, ஒரு தை மாதக் காலையில், வராந்தாவில் அந்தக் குரல் கேட்டது. எங்கள் வராந்தா நீளமானது. இரண்டு பக்கமும் பெஞ்சு போட்டிருக்கும், அதில் நோயாளிகளும் கூட வந்தவர்களும் எதிரெதிரே உட்கார்ந்திருப்பார்கள். "எந்த ஊரு? சாப்டீங்களா?" என்ற குரல் பெஞ்சு பெஞ்சாக நெருங்கி வந்தது. யாரோ ஓட்டுக் கேட்டு வருகிறார் என்று நினைத்தேன். மாஸ்டர் வந்து நின்றார். பின்னால் அவர் மனைவி, கையில் தண்ணீர் பாட்டில்.

"முதுகு வலிம்மா. அண்டா தூக்குற முதுகு" என்றார்.

படுக்கச் சொன்னேன். மல்லாந்து படுத்தவர் உடனே எழுந்து உட்கார்ந்துவிட்டார். "மெத்தை சரியில்ல" என்றார். மெத்தை புதிது. அவர் கழுத்துச் சதைகள் ஒவ்வொரு மூச்சுக்கும் இழுத்துக்கொண்டு எழும்பின, உதடு கருநீலமாக இருந்தது. கொரோனா காலத்தில் எல்லார் வீட்டுக்கும் வந்து சேர்ந்ததே, விரலில் மாட்டும் சின்ன கிளிப், அதை மாட்டிப் பார்த்தேன். ஆக்ஸிஜன் இருக்க வேண்டிய அளவில் இல்லை.

"மாஸ்டர், நடந்தா மூச்சு வாங்குதா?"

"யாருக்குத்தான் வாங்கல?"

அதுவரை வாய் திறக்காத அவர் மனைவி திறந்தார். "பொய் சொல்லாதீங்க. வூட்டுலேர்ந்து பஸ் ஸ்டாப்பு வர்றதுக்குள்ள எத்தினி வாசல்ல நின்னு நலம் விசாரிச்சீங்கன்னு சொல்லட்டுமா?"

அவர் சிரித்துவிட்டார், மாட்டிக்கொண்ட சிரிப்பு. "சும்மா நின்னா, மூச்சுக்கு நிக்கிறான்னு தெரிஞ்சு போயிரும் பாப்பா. நின்னு நாலு வார்த்தை பேசுனா, பாசக்காரன்னு நெனச்சுக்குவாங்க."

எனக்கும் சிரிப்பு வந்தது. அடுத்த நொடியே உறைத்தது. அந்தப் பக்கத்துக் கல்யாண வீடுகள் எல்லாம் கொண்டாடிய உபசாரம், ஒரு மனிதர் மூச்சு வாங்குவதற்காகப் போட்ட வேஷம். சமையல்காரர் இருமினால் காசநோய் என்று ஊரே முடிவு கட்டிவிடும், ஒரே முகூர்த்தத்தில் பிழைப்பு போய்விடும். அதனால் பல வருஷமாக இருமலைக் கொல்லைப்புறத்திலும் இளைப்பை விசாரிப்பிலும் மறைத்து வைத்திருந்தார்.

காரணம் புரியாத நோய் இல்லை. சின்ன வயதிலிருந்து கோட்டை அடுப்பின் முன்னால், பச்சைக் கருவேல விறகின் புகையில் நின்றவர். போதாததற்குப் பீடி வேறு. பீடியை விட்டுவிட்டார், அடுப்பும் கேஸுக்கு மாறிவிட்டது. ஆனால் நெஞ்சுக்குள் நடந்தது நடந்துவிட்டது. எங்கள் நெஞ்சு டாக்டர் ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, நுரையீரலின் மேல்பகுதி இரண்டு பக்கமும் கெட்டு ஊதிக் கிடப்பதாகவும், கீழ்ப்பகுதி பரவாயில்லை என்றும், திருச்சியில் கெட்ட பகுதியை வெட்டி எடுக்கும் ஆபரேஷன் செய்கிற ஒரு டாக்டர் இருப்பதாகவும் சொன்னார்.

அதற்கு முன்னால் எவ்வளவு நடக்க முடிகிறது என்று பார்க்க வேண்டும். ஆறு நிமிட நடை என்று ஒரு பரிசோதனை. வராந்தாவின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு, திரும்பத் திரும்ப, ஆறு நிமிடம் அவரவர் வேகத்தில் நடக்க வேண்டும். நடக்கும்போது பேசக் கூடாது. மாஸ்டரிடம் இதைத் தெளிவாகச் சொன்னேன். தலையாட்டினார். முதல் பெஞ்சிலேயே நின்றுவிட்டார்.

"சாப்டீங்களா?"

"இல்லீங்க, ரத்தம் எடுக்கணும்னு வெறும் வயித்தோட வரச் சொன்னாங்க" என்றார் பெஞ்சில் இருந்தவர்.

"சந்தோசம்" என்று மாஸ்டர் நகர்ந்தார். அந்த மனிதர் என்னை ஒரு பார்வை பார்த்தார். இப்படியே பெஞ்சு பெஞ்சாக நின்று, ஆறு நிமிடம் முடிந்தபோது மாஸ்டர் போன தூரத்தை ஒரு குழந்தை தவழ்ந்தே போயிருக்கும்.

வெட்கத்தோடுதான் அந்த முடிவைத் திருச்சிக்கு அனுப்பினேன். ஆனால் திருச்சி டாக்டருக்கு அது கெட்ட செய்தியாகப் படவில்லை. மேல்பகுதி மட்டும் கெட்டு, நடையும் ரொம்பக் குறைந்து போனவர்களுக்குத்தான் இந்த ஆபரேஷன் அதிகம் கைகொடுக்கும் என்றார். எல்லாருக்கும் இது பொருந்தாது, ஆபத்தும் உண்டு, இவருக்குச் செய்து பார்க்கலாம் என்றார். மாஸ்டருக்கு அது பிடித்துப் போயிற்று. "பெயிலானாத்தான் சேத்துக்குவாங்களா? எனக்குன்னே தொறந்த பள்ளிக்கூடம் போல" என்றார்.

அவர் மனைவிக்குத்தான் மனசு ஆறவில்லை. "இருக்குற நுரையீரலே பத்தல. அதுலயும் வெட்டி எடுத்துட்டா மூச்சு எப்படிம்மா கூடும்?" என்று என்னைப் பிடித்துக்கொண்டார். நான் படித்ததை எல்லாம் சொன்னேன். கெட்டுப்போன பகுதியில் காற்று உள்ளே போகும், வெளியே வராது, அது ஊதிக்கொண்டே போய் நல்ல பகுதியை நசுக்கும், கீழே இருந்து மூச்சை இழுக்கிற உதரவிதானத் தசையையும் அசைய விடாது என்று படம் போட்டுக் காட்டினேன். அந்தம்மாள் படத்தைப் பார்க்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இங்க பாரு" என்று மாஸ்டர் மனைவியிடம் திரும்பினார். "பந்தி நடக்குது. சாப்பிட்டு முடிச்சவன் எந்திரிக்காம கதை பேசிட்டு உக்காந்திருக்கான். பசியோட வந்தவன் வாசல்ல நிக்கிறான். மண்டபம் பெருசாத்தான் இருக்கு, ஆனா சோறு தின்ன எடமில்ல. முடிச்சவன எழுப்பி விட்டாத்தானே அடுத்த பந்தி?"

"அப்ப சரி" என்றார் அந்தம்மாள். நான் படத்தை மடித்து வைத்துவிட்டேன். இப்போது எல்லா நோயாளிகளுக்கும் இந்தப் பந்திக் கதையைத்தான் சொல்கிறேன், யாரும் என்னிடம் இரண்டாம் முறை கேட்பதில்லை.

அந்த வருஷம் ஆவணியில் அவருடைய ஒரே மகளுக்குக் கல்யாணம் நிச்சயம் ஆகியிருந்தது. மாப்பிள்ளை வீடு எறையூர்ப் பக்கம். அவர் ஆபரேஷனுக்குச் சம்மதித்ததே அதற்காகத்தான். "ஊரான் வூட்டுப் பந்தியில எல்லாம் வெறுங்கையோட போனேன் பாப்பா. வாளியத் தூக்குனா ரெண்டு இலைக்கு மேல மூச்சு நிக்காது. எம்பொண்ணு பந்தியில மொத இலைலேர்ந்து கடைசி இலை வரைக்கும் ரசம் நாந்தான் ஊத்தணும்." பெண்ணைப் பெற்றவன் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கும்பிடு போடுவதைப் போல ஒரு கேவலம் அவர் அகராதியில் வேறு இல்லை.

ஆபரேஷனுக்கு முன்னால் உடம்பைத் தயார் செய்ய வேண்டும் என்று சில வாரம் அவரை என்னிடம் விட்டார்கள். நான் கொஞ்சம் கறாரான ஆள். சைக்கிள் மிதிக்க வைத்தேன், மணல் மூட்டையைத் தூக்க வைத்தேன். உதட்டைக் குவித்து மெதுவாக மூச்சு விடும் பயிற்சியை மட்டும் நான் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. உள்ளங்கையில் ரசத்தை விட்டு ஊதி ருசி பார்க்கிறவர், அதே ஊதல்தான். மணல் மூட்டையைத்தான் அவருக்குப் பிடிக்கவில்லை. "இத வேக வச்சாக் கூட யாரும் திங்க மாட்டான்" என்று ஒவ்வொரு நாளும் சொல்லிவிட்டுத் தூக்கினார். பெரம்பலூர் பஸ்ஸில் சுண்ணாம்புக்கல் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து வந்தாலும் ஒரு நாள் கூடத் தவறவில்லை.

பங்குனியில் திருச்சியில் ஆபரேஷன் நடந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போனேன். நெஞ்சிலிருந்து ஒரு குழாய் இறங்கி, தரையில் தண்ணீர் வைத்த ஒரு பெட்டிக்குள் போயிருந்தது. நுரையீரலில் தைத்த இடம் வழியாகக் காற்று கசிந்தால் அந்தத் தண்ணீரில் குமிழி வரும். குமிழி நின்றால்தான் குழாயை எடுப்பார்கள், இவருக்கோ நிற்கவில்லை. நாள் தள்ளிக்கொண்டே போயிற்று. அந்தம்மாள் அழுது அழுது முகம் வீங்கியிருந்தார். எனக்கும் பயம்தான், காட்டிக்கொள்ளவில்லை. மாஸ்டர் மட்டும் கட்டிலில் சாய்ந்தபடி பெட்டியை எட்டி எட்டிப் பார்த்தார்.

"கொதி இன்னும் அடங்கல" என்றார் என்னிடம். "அடுப்பக் குறைச்சு வச்சிருக்காங்க. அடங்கிரும்."

அடங்கியது. குழாயை எடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆனி மாதம் வரை மறுபடியும் என்னிடம் பயிற்சி. முகத்தில் சதை பிடித்தது, உதட்டின் கருமை குறைந்தது, மல்லாந்து படுத்தார். மெத்தையைப் பற்றி ஒரு குறையும் சொல்லவில்லை. பிறகு முக்கியமான நாள் வந்தது: மறுபடியும் ஆறு நிமிட நடை. இந்தத் தடவை மகளும் வந்திருந்தாள். அப்பாவை உரித்து வைத்த வாய். "அக்கா, நீங்க சரின்னு சொன்னாத்தான் அப்பா வாளியத் தொடணும். இல்லன்னா வாசல்ல நாற்காலிதான். என் கல்யாணத்துல இவரு மயங்கி விழுந்து நான் பாக்கணுமா?" என்றாள். அதற்கு மேல் பேச்சே இல்லை என்பது மாஸ்டரின் முகத்தில் தெரிந்தது.

நடக்க ஆரம்பித்தார். முதல் பெஞ்சில் நின்றார்.

இரண்டாவது பெஞ்சிலும் நின்றார், மூன்றாவதிலும் நின்றார். ஆறு நிமிடம் முடிந்தபோது பழைய தூரத்தைவிட ஏதோ கொஞ்சம் கூட, அவ்வளவுதான். மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இவ்வளவு வெட்டும் தையலும் வீணா என்றுதான் நினைத்தேன். விரலில் கிளிப்பை மாட்டினேன். ஆக்ஸிஜன் இறங்கவே இல்லை. கழுத்துச் சதை இழுக்கவில்லை. மனிதர் வியர்க்கக் கூட இல்லை.

"மாஸ்டர், ஏன் நின்னீங்க?"

"அந்தக் கடைசி பெஞ்சுல ஒரு அம்மா இருக்கு பாரு, அதோட மருமவன் ஆலத்தியூர்ல வேலை பாக்குறான். மதியம்தான் வருவானாம். அதுவரைக்கும் பச்சத்தண்ணி குடிக்க மாட்டேங்குது. கேன்டீன்ல ரெண்டு இட்லி வாங்கியாரச் சொல்லு. இவுரு இருக்காரே, இவுருக்குச் சர்க்கரை, அந்த இட்லிகூடக் கூடாது. அந்தப் புள்ளைக்கு..."

"யோவ் மாஸ்டர்!" என்று கத்திவிட்டேன். நோயாளியை அப்படிக் கூப்பிடக் கூடாது. கூப்பிட்டுவிட்டேன். "உங்கள நடக்கத்தானே சொன்னேன்?"

"ரெண்டு பக்கமும் பந்தி மாதிரி எதிரெதிரா உக்காந்திருக்காங்க. கேக்காம எப்படிம்மா தாண்டிப் போறது?"

மூச்சு சரியாகிவிட்டது, காலுக்குத்தான் அது தெரியவில்லை. அத்தனை வருஷம் நின்று நின்று பழகிய கால். மறு பரிசோதனைக்கு எவ்வளவு நேரம் ஓய்வு கொடுக்க வேண்டுமோ அதற்கு மேலேயே உட்கார வைத்தேன். அதற்குள் புறநோயாளிகள் நேரம் முடிந்து பெஞ்சுகளும் காலியாகின. அந்த அம்மாளுக்கு இட்லி வாங்கிக் கொடுத்தாயிற்று. மாஸ்டரை வராந்தாவின் முனையில் நிறுத்தி, காதோடு சொன்னேன்:

"கடைசி இலைக்கு இன்னும் ரசம் வரலையாம் மாஸ்டர்."

அவர் முகமே மாறிவிட்டது. "எந்தப் பக்கம்?"

"ரெண்டு பக்கமும்."

போனார் பாருங்கள். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, திரும்புகிற இடத்தில் கூட வேகம் குறையாமல், போய் வந்து போய் வந்து, ஆறு நிமிடமும் ஒரு இடத்தில் நிற்கவில்லை. கடைசியில் மூச்சு வாங்கத்தான் செய்தது, அது நடந்தவருக்கு வாங்குகிற மூச்சு. மகள் என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். திருச்சி டாக்டரிடம் போனில் தூரத்தைச் சொன்னபோது, மறுபடி சொல்லச் சொல்லிக் கேட்டார். அதோடு அவர் இன்னொன்றையும் நினைவூட்டினார். நுரையீரல் புதிதாக முளைக்கவில்லை, நோய் போகவும் இல்லை, கிடைத்திருப்பது கொஞ்ச வருஷத்து நல்ல நடை, பயிற்சியை விட்டால் அதுவும் குறையும். மாஸ்டரிடம் மறைக்காமல் சொன்னேன். "ஆவணி வரைக்கும் தாங்குமா?" என்றார். தாங்கும் என்றேன். "அப்புறம் உள்ளத அப்புறம் பாப்போம்."

கல்யாணம் அரியலூரில் ஒரு பெரிய மண்டபத்தில். தாலி கட்டி முடிந்து நான் மூன்றாவது பந்தியில், வரிசையின் கடைசி இலையில் உட்கார்ந்தேன். கைப்பையில் அந்தக் கிளிப் இருந்தது. சாம்பார் போய், ரசம் வரும் நேரம். பட்டு வேட்டியும் புதுத் துண்டுமாக மாஸ்டர் வாளியோடு முதல் இலையில் வந்து நின்றார். ஊற்றினார். நகராமல் நின்று ஏதோ பேசினார். இரண்டாவது இலையிலும் அதே கதை. இலைக்கு இலை நின்றுகொண்டே வந்தார். சமையற்கட்டு வாசலில் அவர் மனைவி தூணைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தார். நான் சாப்பிடாமல் கைப்பையிலிருந்து கிளிப்பை எடுத்து வைத்துக்கொண்டேன். பரிமாற வந்த இன்னொருவர் அதற்குள் எனக்கு மோர் ஊற்றிவிட்டுப் போனார்.

ஒரு வழியாக என் இலைக்கு வந்தார். இடது கையால் அவர் விரலில் கிளிப்பை மாட்டினேன். பக்கத்து இலைக்காரர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். எண் நன்றாக இருந்தது.

"நல்லாத்தானே இருக்கீங்க. பின்ன ஏன் இன்னமும் இலைக்கு இலை நிக்கிறீங்க?"

"அப்பல்லாம் மூச்சுக்கு நின்னேன், மறைக்கிறதுக்கு விசாரிச்சேன்." துண்டால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "இப்ப விசாரிக்கத்தான் நிக்கிறேன் பாப்பா. உனக்கு என்ன வேணும், சொல்லு."

சும்மா இருந்திருக்கலாம். எனக்கு வாய் அடங்காது. "ரசம். தா.பழூர்ல எங்க சித்தப்பா பொண்ணு கல்யாணத்துலயே கேட்டேன். இன்னும் வரல."

வாளிக்குள் பார்த்தார். காலி. "இரு" என்றார்.

திரும்பி நடந்தார். மண்டபத்தின் முழு நீளம். சம்பந்தி வீட்டார் ஒருவர் கையைப் பிடித்தார், விலக்கிக்கொண்டு போனார். யாரோ மாஸ்டர் என்று கூப்பிட்டார்கள், நிற்கவில்லை. சமையற்கட்டுக்குள் நுழைந்து, நிறைந்த வாளியோடு வெளியே வந்து, அதே நீளம் திரும்பி வந்தார். ஒரு இலையிலும் நிற்கவில்லை. என் முன்னால் வந்து வாளியை வைத்துவிட்டு, இத்தனை பேர் பார்க்க, உதட்டைக் குவித்து மூச்சு விட்டார். யாரையும் எதுவும் விசாரிக்கவில்லை. நின்று, நிதானமாக, மூச்சு வாங்கினார்.

"அன்னைக்கு நீ சொன்னது காதுல விழுந்திருக்காது" என்றார் பிறகு. "மூச்சு முட்டுறப்ப காதுக்குள்ள அடுப்பு எரியுற மாதிரி இரைச்சல்தான். எல்லாரும் வாய அசைப்பாங்க. சந்தோசம், சந்தோசம்னு சொல்லிட்டுப் போயிருவேன்."

மோர்ச் சோற்றின் மேலேயே ரசத்தை ஊற்றினார். நான் போதும் என்று கையைக் காட்டுகிற வரை நிறுத்தக் கூடாது என்பது பந்தி முறை. ரசம் இலையை விட்டு வழிந்து என் பட்டுப் புடவையில் சொட்டியது. நான் கையைக் காட்டவில்லை.